நாய் கடித்துவிட்டால்: யாரிடம் கேட்பது, எதைக் காட்டிக் கேட்பது

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலை. இலவச சட்ட உதவி தரும் எங்கள் ஊர் வட்டச் சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்கு ஒரு அம்மா தன் ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் அங்கே வாரம் இரண்டு நாள் தன்னார்வலராக உட்காருகிறேன். சிறுமியின் கெண்டைக்காலில் பெரிய கட்டு. அம்மாவின் கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் கசங்கிய ஓ.பி. சீட்டு ஒன்று. வேறு எதுவும் இல்லை.

"எதிர்வூட்டு நாய்ங்க. அவங்க வந்து 500 ரூபாயும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் குடுத்துட்டுப் போய்ட்டாங்க. இதுக்கு மேல கேக்கலாமுங்களா? கேட்டா தப்பா நினைச்சுக்குவாங்களா?"

கேட்கலாம். கூனிக் குறுகாமல் நிமிர்ந்தே கேட்கலாம். நம் ஊரில் நாய்க்கடியைக் கெட்ட நேரம் என்று எடுத்துக்கொண்டு, ஊசியைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். சட்டம் அதை அப்படிப் பார்ப்பதில்லை. பெரும்பாலான கடிகளுக்குப் பின்னால், செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்ட ஒருவர் இருக்கிறார். கேட்டைத் திறந்து போட்ட வீட்டுக்காரராக இருக்கலாம். தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போடாமல் விட்ட உள்ளாட்சியாக இருக்கலாம். அவர் யார் என்று கண்டுபிடிப்பது ஒரு பாதி. அதைக் காகிதத்தில் காட்டுவது மறுபாதி. இழப்பீடு என்பது இந்த இரண்டும்தான்.

2024-இல் மட்டும் தமிழ்நாட்டில் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாகின. அந்த ஆண்டு ரேபிஸால் 43 பேர் இறந்தார்கள். ஆனால் இழப்பீடு கேட்கலாமா என்று எங்கள் அலுவலகப் படி ஏறி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தெரியாததால்தான் வருவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் கால் மணி நேரம்

சட்டம் அப்புறம். முதலில் உயிர். கடிபட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீருக்கு அடியில் நீட்டி, சோப்புப் போட்டு, 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கழுவுங்கள். பதற்றத்தில் இரண்டு நிமிடமே பதினைந்து மாதிரித் தெரியும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அந்தச் சிறுமியின் காயத்தில் பாட்டி சுண்ணாம்பு வைத்திருந்தார். அதைச் சுரண்டி எடுக்கும்போது கடித்த நேரத்தைவிட அதிகமாக அழுதாளாம்.

அடுத்தது ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நாய்க்கடி ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரியவர்கள் இன்னமும் பயமுறுத்துவார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. இப்போது கையில், தோலுக்குள் போடும் ஊசி. முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆகிய நான்கு நாட்கள். தசையில் போடும் முறை என்றால் 14-ஆம் நாளும் சேர்ந்து ஐந்து.

காயத்தை மருத்துவர்கள் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். காயமில்லாத தோலை நாய் நக்கியது முதல் வகை, ஊசி தேவையில்லை. ரத்தம் வராத சிராய்ப்பு இரண்டாம் வகை, தடுப்பூசி மட்டும். பல் பதிந்து ரத்தம் வந்தாலோ, புண்ணிலோ வாய், கண் போன்ற இடங்களிலோ எச்சில் பட்டாலோ மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியோடு, காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டும். "எனக்கு எந்த வகை என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. அதனால் சின்னக் காயம்தானே என்று ஒரு ஊசியைக்கூடத் தவறவிடக் கூடாது. நாயை 10 நாள் கண்காணிக்கச் சொல்வார்கள். அதைக் காரணம் காட்டி முதல் ஊசியைத் தள்ளிப்போடவும் கூடாது.

சட்ட வேலையும் ஆஸ்பத்திரியிலேயே தொடங்கிவிடுகிறது, அது பலருக்கும் தெரியாது. அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று உண்டு. ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதன் நகலைத்தான். அதில் எழுதுவதற்காக மருத்துவர் "எப்படி ஆச்சு?" என்று கேட்கும்போது, "நாய் கடிச்சிடுச்சு" என்று முடித்துவிடாதீர்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்தத் தெரு, யார் வீட்டு நாய் அல்லது தெருநாய், எத்தனை நாய்கள் என்று சொல்லுங்கள். சம்பவம் நடந்த சூட்டில், வழக்கு என்ற எண்ணமே இல்லாமல் சொன்ன சொல்லுக்கு நீதிமன்றத்தில் தனி மதிப்பு உண்டு. மூன்று மாதம் கழித்து நாம் எழுதும் மனுவைவிட அந்த ஒரு வரிக்குக் கனம் அதிகம். அந்த அம்மாவின் சீட்டில் "டாக் பைட்" என்று மட்டும்தான் இருந்தது. எதிர்வீட்டு நாய் என்பதற்கு முதல் நாள் ஆதாரம் எதுவும் இல்லை. அதைச் சாட்சிகளை வைத்துத்தான் சரிக்கட்ட வேண்டியிருந்தது.

இன்னொன்று, போட்டோ. கட்டுப் போடும் முன்பே, காயத்துக்குப் பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை வைத்து எடுங்கள். எதற்கு ஸ்கேல் என்று கீழே வரும்.

யாருடைய நாய்?

வளர்ப்பு நாய் என்றால் பாதை நேரானது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு, தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வரக்கூடும் என்றால், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாடு செய்யாமல் விடுவதைக் குற்றம் என்கிறது. 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 289-வது பிரிவு. அபராதம் 1,000 ரூபாய்தான். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம். காயம் மோசமாக இருந்தால், அடுத்தவர் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் செயலுக்கான 125-வது பிரிவையும் சேர்ப்பார்கள். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில், மாநகராட்சிப் பூங்காவில் இருந்த ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் குதறியபோது அவற்றின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அந்த வழக்குக்குப் பிறகுதான், நாய் கடித்தால் வளர்த்தவர் மேல் போலீஸ் வழக்கு வரும் என்பதே பலருக்குத் தெரிந்தது.

உரிமையாளர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் சில உண்டு. "எங்க நாய் இதுவரைக்கும் யாரையும் கடிச்சதே இல்லை" என்பது முதல் பதில். இதைச் சும்மா விட்டுவிடக் கூடாது. நாயின் சுபாவம் உரிமையாளருக்கு முன்பே தெரியுமா என்பதை நீதிமன்றம் பார்க்கும்; தெரிந்திருந்தால் அவர் பொறுப்பு கூடிப்போகும். அதனால் தெருவில் விசாரியுங்கள். பால்காரர், பேப்பர் போடும் பையன், தபால்காரர், சிலிண்டர் கொண்டுவருபவர் எல்லோருக்கும் அந்த நாயைப் பற்றி ஒரு கதை இருக்கும். எங்கள் சிறுமியின் வழக்கில் பால்காரர்தான் திருப்புமுனை. முந்தைய பொங்கல் சமயத்தில் அதே நாய் அவர் வேட்டியைக் கிழித்திருக்கிறது. அதற்கு வீட்டுக்காரர் புது வேட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார். அப்படியென்றால் நாய் பாயும் என்று அவருக்குத் தெரியும் அல்லவா?

"போர்டு மாட்டியிருக்கோமே" என்பது இரண்டாவது. 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை, அனுமதி இல்லாமல் கேட்டைத் திறந்து உள்ளே வந்தவரிடம் பேசும்போது கொஞ்சம் உதவலாம். தெருவில் நடந்து போனவரிடம் அந்தப் பேச்சு எடுபடாது. சொல்லப்போனால், தன் நாய் ஆபத்தானது என்று தனக்குத் தெரியும் என்பதை அவரே எழுதி மாட்டியிருக்கிறார். அந்தப் பலகையையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"பையன் சீண்டினான், கல்லால அடிச்சான்" என்பது மூன்றாவது. பெரியவர் ஒருவர் உண்மையிலேயே சீண்டியிருந்தால் இழப்பீடு குறையும்; இல்லாமலும் போகலாம். குழந்தைகள் விஷயத்தில் இதே அளவுகோலை வைக்க மாட்டார்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு நாயின் மனநிலை தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

சிக்கல் வருவது நடுவில் நிற்கும் நாய்களிடம். "எங்க நாய் இல்லைங்க, தெருநாய்தான், ஏதோ மீந்த சோறு வைக்கிறோம்" என்பார்கள். வெறுமனே சோறு வைப்பதால் மட்டும் ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். அது நியாயம்தான். பசித்த உயிருக்குச் சோறு போடுகிற கை தண்டிக்கப்படக் கூடாது. ஆனால் சட்டத்தில் இருக்கும் சொல் 'வசம்'. ராத்திரி அவர்கள் காம்பவுண்டுக்குள் கட்டிப் போடுகிறார்களா, கழுத்தில் பட்டை உண்டா, பேர் வைத்துக் கூப்பிடுகிறார்களா, ஊசி போட அவர்கள்தான் கூட்டிப் போனார்களா என்று பாருங்கள். இந்தக் கேள்விகளுக்கு ஆமாம் ஆமாம் என்று பதில் வந்தால் அது தெருநாய் இல்லை. சென்னையில் வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயமாகியிருப்பதால் இந்த வாதம் அங்கே இனி கொஞ்சம் சுலபமாகும்.

தெருநாய் என்றால் விரல் உள்ளாட்சியை நோக்கி நீளும். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி, எதுவோ அது. 2023-இல் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போடும் பொறுப்பை உள்ளாட்சியிடம் கொடுத்திருக்கின்றன. 2001 விதிகளின் இடத்தில் வந்தவை இவை. பிறகு 2025-இல் உச்ச நீதிமன்றம் தெருநாய் விவகாரத்தைத் தானாக முன்வந்து எடுத்தது. ஆகஸ்ட் 22-ஆம் தேதி உத்தரவில், பிடித்த நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து அதே இடத்தில் விடலாம், ஆனால் வெறி பிடித்த நாய்களையும் ஆக்ரோஷமான நாய்களையும் விடக் கூடாது என்றது. நவம்பர் 7-ஆம் தேதி இன்னும் ஒரு படி மேலே போனது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றில் இருந்து நாய்களை அகற்ற வேண்டும், பிடித்த இடத்திலேயே திரும்ப விடக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆகவே பள்ளி வளாகத்துக்குள்ளோ பேருந்து நிலையத்திலோ கடித்தது என்றால், மனுவில் இந்தத் தேதியை மறக்காமல் எழுதுங்கள்.

உள்ளாட்சி செய்யத் தவறியதை எப்படிக் காட்டுவது? முந்தைய புகார்கள்தான் வலுவான ஆயுதம். உங்கள் தெருவில் நாய்த் தொல்லை என்று யாராவது ஏற்கெனவே புகார் கொடுத்திருக்கிறார்களா? சென்னையில் 1913-க்குப் பேசியிருந்தால் புகார் எண் இருக்கும். மற்ற ஊர்களில் முதல்வரின் உதவி மையம் 1100, அல்லது ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு. எதுவுமே இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள்: "கடந்த இரண்டு ஆண்டுகளில் இந்த வார்டில் எத்தனை நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்டன? நாய்கள் குறித்து எத்தனை புகார்கள் வந்தன, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?" கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். பூஜ்யம் என்று பதில் வந்தால் அந்தப் பூஜ்யமே உங்கள் ஆதாரம்.

கடிக்காமல் விரட்டி, அதனால் வண்டியில் இருந்து விழுந்து கை ஒடிந்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் இதே வழிதான். ஏ.ஆர். காப்பியில் "வண்டியில் இருந்து விழுந்தார்" என்று மட்டும் எழுதாமல் "நாய் குறுக்கே வந்து விழுந்தார்" என்று எழுத வைக்க வேண்டும். வேலை நேரத்தில் கடிபட்ட பணியாளருக்கு, முதலாளியிடம் பணியாளர் இழப்பீடு கேட்கும் உரிமை தனியாக உண்டு.

எவ்வளவு?

எல்லோரும் கேட்கும் கேள்வி. தமிழ்நாட்டில் ஒரு கடிக்கு இவ்வளவு என்று நீதிமன்றங்கள் பின்பற்றும் பட்டியல் எதையும் நான் காட்ட முடியாது. மற்ற மாநிலங்களைப் பார்த்தால் ஒரு பிடி கிடைக்கும்.

இதில் எனக்கு மிகவும் பயன்பட்டது பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் 193 மனுக்களைச் சேர்த்து விசாரித்துச் சொன்ன தீர்ப்பு. தெருவில் திரியும் விலங்குகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு முதலில் அரசு பணம் கொடுக்க வேண்டும், அப்புறம் தவறு செய்த துறையிடமோ உரிமையாளரிடமோ அதை வசூலித்துக்கொள்ளலாம் என்றது. மாவட்டந்தோறும் குழு, மனு வந்து 4 மாதத்துக்குள் முடிவு. நாய்க்கடிக்கு அளவுகோலும் சொன்னது: பதிந்த ஒவ்வொரு பல்லுக்கும் குறைந்தது 10,000 ரூபாய், தோலில் இருந்து சதை பிய்ந்திருந்தால் ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டர் காயத்துக்கும் குறைந்தது 20,000 ரூபாய். ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். எங்கள் சிறுமியின் காலில் நான்கு பல் தடம். அந்தக் கணக்கில் 40,000.

அந்தத் தீர்ப்பு பஞ்சாப், ஹரியானா, சண்டிகருக்கானது. நம் ஊர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மனுவில் எடுத்துக்காட்டலாம், நீதிபதிகள் மதித்துப் பார்ப்பார்கள். கேரளத்தில் நாய்க்கடிபட்டவர்களின் இழப்பீட்டு மனுக்களை விசாரிக்க, ஓய்வுபெற்ற நீதிபதி சிரிஜகன் தலைமையில் 2016-இல் உச்ச நீதிமன்றமே ஒரு குழுவை அமைத்தது. கர்நாடக அரசு 2025-இல், தெருநாய்க்கடிக்கு 5,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 5 லட்சமும் என்று அறிவித்தது. இங்கே காங்கேயம், சென்னிமலைப் பக்கம் பட்டியில் புகுந்து நாய்கள் கடித்துக் கொன்ற ஆடுகளோடு விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடி, 2025-இல் அரசிடம் இழப்பீட்டு அறிவிப்பை வாங்கினார்கள். ஆட்டுக்குப் போராடி வாங்க முடிகிறது. பிள்ளைக்குக் கேட்க நாம் தயங்குகிறோம்.

வெளி மாநில அளவுகோல் ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் செலவை நீங்களே எழுதிப் பாருங்கள். அந்த அம்மாவோடு உட்கார்ந்து ஒரு நோட்டுத் தாளில் நாங்கள் போட்ட கணக்கு இது. அவர் பனியன் கம்பெனியில் தினக்கூலி, நாளுக்கு 450. ஊசிக்கு நான்கு நாள், கட்டு மாற்ற ஐந்து நாள், ஆக 9 நாள் வேலை போச்சு: 4,050. அந்த 9 நாளும் போய்வர ஆட்டோ, ஒரு நாளைக்கு 160: 1,440. வெளியே வாங்கிய மருந்து 1,230. கூட்டினால் 6,720 ரூபாய். கையில் வந்ததோ 500. கணக்கைப் பார்த்ததும் அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "இவ்ளோ ஆயிருச்சுங்களா" என்றார் கடைசியில்.

இதுவரை போட்டது கைக்காசு மட்டும்தான். இதற்கு மேல்தான் வலி, தழும்பு, பள்ளிக்கூடம் போகாத நாட்கள், இனிமேல் தேவைப்படும் சிகிச்சை, மன பயம் எல்லாம் வரும். அவள் அதற்கப்புறம் தனியாகத் தெருவில் இறங்கவே இல்லை. கடைக்குப் போகச் சொன்னால் வாசல்படியிலேயே நின்றுவிடுவாள். இதற்கு ரசீது கிடையாது. ஆனால் சட்டத்தில் இதற்கும் இடம் உண்டு. மனுவில் ஒரு பத்தியாக எழுத வேண்டும். நாய்க்கடியால் உயிரே போயிருந்தால், 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டப்படி பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோருக்காக இழப்பீடு கேட்கலாம். அதற்குக் கெடு 2 ஆண்டு.

எங்கே போவது?

போலீஸ் நிலையத்தில் புகார் கொடுப்பது முதல் படி. 291-வது பிரிவு, பிடியாணை இல்லாமலே போலீஸ் நடவடிக்கை எடுக்கக் கூடிய குற்றம். ஆகவே எஃப்.ஐ.ஆர். போடலாம். நடைமுறையில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீதுதான், அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதுதான் தருவார்கள், அதையாவது வாங்காமல் வெளியே வராதீர்கள். புகாரை வாங்கவே மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. குற்றவியல் வழக்கில் தண்டனை கொடுக்கும்போது, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு.

பணம் மட்டும் நோக்கம் என்றால், எனக்குப் பிடித்த வழி மாவட்ட அல்லது வட்டச் சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு. இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, ஒத்துவந்தால் மக்கள் நீதிமன்றத்தில் முடிப்பார்கள். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. அங்கே போடும் உத்தரவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை, பணம் தரவில்லை என்றால் நிறைவேற்று மனுப் போட்டு வசூலிக்கலாம். எதிர்வீடு, பக்கத்து வீடு என்று காலம் முழுக்க முகம் பார்த்து வாழ வேண்டியவர்களுக்கு இதுதான் தோது. எங்கள் வழக்கு இங்கேதான் முடிந்தது. 30,000 ரூபாய், இரண்டு தவணை. கேட்டுக்கு உள்ளே கம்பி வலை. வெளியே கூட்டிவந்தால் சங்கிலியும் வாய்ப்பூட்டும். தொகை குறைவு என்றுதான் எனக்குப் பட்டது. அந்த அம்மாவுக்குப் போதும் என்று தோன்றியது, கையெழுத்துப் போட்டார்.

ஒத்துவரவில்லை என்றால் உரிமையியல் வழக்கு. இதற்கு நீதிமன்றக் கட்டணம் உண்டு, கேட்கும் தொகையில் 3 சதவீதம். உரிமையாளர் மேல் போடுவதற்கு 3 ஆண்டு அவகாசம். உள்ளாட்சி மேல் போடும்போது கவனம்: சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்ற வழக்குக்குக் காலவரையறைச் சட்டம் ஒரே ஆண்டுதான் கொடுக்கிறது என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் இருக்கிறது. அதனால் யார் மேலானாலும் முதல் ஆண்டுக்குள் போட்டுவிடுவது நல்லது. அரசையும் சேர்ப்பதென்றால் இரண்டு மாத முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும். அந்த இரண்டு மாதத்தையும் முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெருநாய் கடித்து உயிரோ உறுப்போ போன பெரிய வழக்கு என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை உள்ளாட்சியின் அலட்சியம் பறித்தது என்று கேட்பது. சம்பவம் நடந்ததில் யாருக்கும் சந்தேகம் இல்லாதபோதுதான் இது எடுபடும். கடித்ததா இல்லையா என்றே தகராறு இருந்தால், கீழ் நீதிமன்றத்துக்குப் போய்ச் சாட்சி விசாரித்து வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லையே என்று யாரும் பின்வாங்க வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் வழி சொல்வார்கள்.

இரண்டு விஷயங்களை மட்டும் செய்யாதீர்கள். நான்காவது ஊசி, அதாவது 28-ஆம் நாள் ஊசி முடிவதற்குள் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். காயம் எப்படித் திரும்பும் என்று அதற்குள் யாருக்கும் தெரியாது. அப்புறம், கோபத்தில் நாய்க்கு விஷம் வைக்காதீர்கள். விலங்கைக் கொல்வதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. பாதிக்கப்பட்ட நீங்கள் குற்றவாளி ஆகிவிடுவீர்கள். மேலும் 10 நாள் கண்காணிக்க வேண்டிய நாய் செத்துப் போனால் அதற்கு வெறி இருந்ததா என்று சொல்வதும் கஷ்டம். நாய் என்ன செய்யும்? அதற்கு ஊசி போட வேண்டியவர்களும் சங்கிலி போட வேண்டியவர்களும் மனிதர்கள்தானே.

மனு எப்படி எழுதுவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு, தெருநாய்க் கடிக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும் வாசகத்தை இங்கே தருகிறேன். நகராட்சி என்றால் ஆணையாளர், பேரூராட்சி என்றால் செயல் அலுவலர் என்று பெறுநரை மாற்றிக்கொள்ளுங்கள்.

"ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் வசிக்கிறேன். இன்ன தேதி, இன்ன மணிக்கு, இன்ன தெருவில், இன்ன கடை அருகே நான் நடந்து சென்றபோது தெருநாய் ஒன்று என் வலது காலில் கடித்தது. அரசு மருத்துவமனையில் மூன்றாம் வகைக் காயம் எனப் பதிவு செய்து சிகிச்சை அளித்தார்கள். இதே தெருவில் நாய்த் தொல்லை குறித்து இன்ன தேதியில் கொடுத்த புகார் மீது நடவடிக்கை எடுக்கப்படவில்லை. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தங்கள் நிர்வாகம் செய்ய வேண்டிய கருத்தடை, தடுப்பூசிப் பணிகள் செய்யப்படாததால் இந்தப் பாதிப்பு ஏற்பட்டது. மருத்துவம், பயணம், வருமான இழப்பு, வலி மற்றும் தழும்புக்காக ரூபாய் இவ்வளவு இழப்பீடு வழங்கவும், அந்த நாயைப் பிடித்துக் கண்காணிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு: ஏ.ஆர். காப்பி, ஓ.பி. சீட்டு, ஊசி அட்டை, புகைப்படங்கள், ரசீதுகள், சி.எஸ்.ஆர். நகல்."

அசல் காகிதம் எதையும் கொடுக்க வேண்டாம், நகல் போதும். மனுவை இரண்டு பிரதியாக எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் தேதியோடு சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட மறுத்தால் அங்கே நின்று சண்டை போட வேண்டாம். நேராகத் தபால் நிலையம் போய், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டு, ரசீதை அந்த மஞ்சள் பையிலேயே போட்டு வையுங்கள்.